வாளுக்கு வயது கேட்பவர்களுக்கு



ஐதராபாத், சிக்கந்தராபாத் பக்கம் வந்து குடியேறி இரண்டு மூன்று தலைமுறை கண்டுவிட்ட நம் குடும்பங்களில் இப்போது ஒரு வேலை மும்முரமாக நடக்கிறது. ஊரில் உள்ள பூர்வீக வீட்டை விற்பதுதான் அது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி கட்டவும் ஓடு மாற்றவும் யாருக்கும் நேரமில்லை. வீடு கைமாறும்போது பரணில் இருந்து பித்தளை அண்டா, தவலை, மரப்பெட்டி எல்லாம் இறங்குகின்றன. அவற்றோடு சில வீடுகளில் பழந்துணி சுற்றிய ஒரு வாளும் இறங்குகிறது.

உலோகப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரும்பைப் பற்றி இவருக்குத் தெரியும் என்று சங்கத்தில் யாரோ சொல்லிவிட, அப்படி இறங்கிய வாள்களில் சில என் வீட்டு மேசைக்கும் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே இரண்டுதான். "சார், இது எந்த ராஜா காலத்து வாள்?" என்பது ஒன்று. "என்ன விலைக்குப் போகும்?" என்பது மற்றொன்று.

இந்த இரண்டு கேள்விகளுமே தவறான இடத்தில் தொடங்குகின்றன என்பது என் தாழ்மையான கருத்து. "இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்?" என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. வயதும் விலையும் அதன் பின்னால் தானாக வரும். அரசன் பெயரைத் தேடுகிற அவசரத்தில் கொல்லனின் கையை நாம் பார்க்கத் தவறுகிறோம். வாளில் உண்மையாகவே மிஞ்சியிருப்பது அந்தக் கை மட்டும்தான்.

சோழர் காலத்து வாள்!

"எங்கள் வீட்டு வாள் ராஜராஜ சோழன் காலத்தது" என்று சொல்லாத குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் உண்டா? ஆயிரம் ஆண்டு இருக்கும் என்று தாத்தா சொன்னார், அவருக்கு அவர் தாத்தா சொன்னார். சொன்னவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரும்பு கல்லைப்போல இருந்துவிடாது. நம் நாட்டு மழையிலும் புழுக்கத்திலும் பராமரிப்பில்லாத இரும்பு தலைமுறைக் கணக்கில் கரைந்துகொண்டே போகும். மண்ணுக்குள் கிடந்தவை எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அலெக்சாண்டர் ரே 1899 முதல் அங்கே தோண்டி எடுத்தவற்றில் இரும்பு வாள்களும் உண்டு. எல்லாம் துருவாக மாறிய எச்சங்கள்.

2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, தமிழ் மண்ணில் இரும்பின் பழைமையை 5,000 ஆண்டுகளுக்கும் மேலே கொண்டுபோனது. செய்தி படித்து நாம் எல்லோரும் பூரித்துப்போனோம். அந்த வயதை எப்படிக் கண்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இரும்புத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து யாரும் வயது சொல்லவில்லை. அதே குழியில், அதே தாழியில், அதோடு கிடந்த கரியையும் தானியத்தையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கண்டார்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்ட இரும்புக்கு அந்தச் சாட்சி கிடையாது.

என் மேசைக்கு வருகிற, அலகும் கைப்பிடியும் முழுசாக உள்ள, உறையில் இருந்து உருவ முடிகிற வாள்கள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. 200 ஆண்டுகளுக்கு முன் ஓர் உலைக்களத்தில் சம்மட்டி அடித்த மனிதனின் வேலை நம் வீட்டில் இருக்கிறதென்றால் அது சிறிய சொத்தா?

பெயர் பொறித்தால் போதுமா?

அடுத்து எழுத்து. அலகில் பாரசீக எழுத்து இருந்தால் விலை இரட்டிப்பாகும் என்று ஒரு நம்பிக்கை. பழம்பொருள் வியாபாரிகளுக்கும் இது தெரியும். இஸ்பஹான் நகரத்து அசதுல்லா என்ற வாள்கொல்லரின் பெயர் பொறித்த அலகுகள் உலக அருங்காட்சியகங்களில் ஏராளம். ஒரு மனிதர் ஏழு பிறவி எடுத்தாலும் அத்தனையையும் அடித்திருக்க முடியாது. பிற்காலத்தில் அந்தப் பெயர் ஒரு தர முத்திரை போல ஆகிவிட்டது. "அசல் நெய்" என்று எல்லா டப்பாவிலும் அச்சடிப்பதில்லையா, அதுபோல!

ஆண்டைப் பொறித்திருந்தாலும் கணக்குத் தெரிய வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு. நம் ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஹிஜ்ரி 1200 என்று இருந்தால் அது 1785-86ஆம் ஆண்டு. அதோடு 622ஐக் கூட்டி 1822 என்று சொல்லிவிட்டால் 36 ஆண்டு தவறிப்போகும். சக ஆண்டாக இருந்தால் 78ஐக் கூட்ட வேண்டும். விக்கிரம ஆண்டாக இருந்தால் 57ஐக் கழிக்க வேண்டும்.

எழுத்து இல்லாத வாள் தாழ்ந்ததும் அல்ல. பெயர் போடாத கொல்லர்களே அதிகம். எழுத்து உண்மையானதாக இருந்தாலும் அது அலகின் வயதைச் சொல்கிறதா, பின்னால் வாங்கி வைத்திருந்தவரைச் சொல்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1689இல் ஆதோனிக் கோட்டை விழுந்தபோது தென்னாட்டு ஆயுதங்கள் பல பிகானீர் அரசர் அனூப் சிங் வழியாக ராஜஸ்தானத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஆயுதச்சாலையில் கைப்பிடிமேல் புள்ளி புள்ளியாகக் குத்திய நாகரி எழுத்துகள் உண்டு. அந்தப் புள்ளிகள் செய்த காலத்தைச் சொல்லவில்லை. 'இந்த நாளில் இது இங்கே இருந்தது' என்று மட்டுமே சாட்சி சொல்கின்றன. அந்த அளவுக்கு நம்பலாம். அதற்கு மேல் போகக்கூடாது.

கைப்பிடி ஒரு ஊர், அலகு ஒரு ஊர்

நம் நாட்டு தல்வார் வாளில் கைப்பிடிக்குள் நுழையும் இரும்பு முளை குட்டையானது. அதை அரக்கு வைத்து இறுக்குவார்கள். சூடு காட்டினால் அரக்கு இளகும், கைப்பிடி கழன்றுவிடும். அலகு தேய்ந்தால் வேறு அலகு மாட்டுவதும், கைப்பிடி உடைந்தால் வேறு கைப்பிடி போடுவதும் அன்றைக்குச் சாதாரணம். ஆகவே இரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும். கைப்பிடி 19ஆம் நூற்றாண்டு, அலகு அதற்கு நூறு ஆண்டு மூத்தது என்பது நடக்கக்கூடியதே. முளையில் மரை வெட்டி நட்டு போட்டு முடுக்கியிருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கல்யாண ஊர்வலத்துக்காகவும் சுற்றுலாப் பயணிக்காகவும் இன்று செய்து விற்கிற வாள்களின் வழக்கம் அது.

இன்னொரு வியப்பும் உண்டு. தென்னாட்டு வாள்களில் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்தது! 16ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துக்கீசியரும் பின்னர் வந்தவர்களும் ஜெர்மனி, இத்தாலி அலகுகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதற்கு நம் கொல்லர்கள் கைப்பிடி போட்டார்கள். மராட்டியர்கள் அத்தகைய வாளை ஃபிரங்கி என்றார்கள். நம் பறங்கிக்காயில் இருக்கும் அதே பறங்கிதான். தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றிலும் வெட்டிக் குறுக்கிய ஐரோப்பிய அலகே இருக்கிறது. 2025இல் லண்டன் ஏலத்தில் மராட்டிய மாநில அரசு சுமார் 47 லட்ச ரூபாய் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்த ரகுஜி போன்ஸ்லேயின் வாளும் இப்படிப்பட்டதே. அலகு ஐரோப்பாவினுடையது, பொன்னால் எழுதிய தேவநாகரிப் பெயர் நம்மவருடையது. அதனால் அதன் பெருமை குறைந்ததா? இல்லையே! யார் யாரோடு வாணிபம் செய்தார்கள், எது நல்லதென்று தேர்ந்தெடுத்தார்கள் என்ற வரலாறும் சேர்ந்தே வந்தது. "முழுக்க முழுக்க நம்முடையது" என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அந்த வரலாறு கிடைக்காது.

நம்முடையது எது?

அப்படியானால் நாம் பெருமைப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது. வாளின் வடிவத்தைவிட அதன் உருக்கில் இருக்கிறது.

பம்பாயில் இருந்த டாக்டர் ஸ்காட் என்பவர் 1794இல் இங்கிலாந்துக்கு ஒரு வகை எஃகு மாதிரியை அனுப்பினார். அதை ஆராய்ந்து பியர்சன் என்பவர் 1795இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அதில் அந்த எஃகுக்கு 'வூட்ஸ்' என்று பெயர். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு' என்கிறோமே, தமிழில் 'உருக்கு' என்கிறோமே, அந்தச் சொல்லே ஆங்கிலேயர் காதில் இப்படித் திரிந்தது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. பின்னர் மின்சாரத்தால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடேகூட 1819-20இல் இந்த வூட்ஸை ஆராய்ந்தவர்.

செய்முறை எளிமை போலத் தோன்றும். இரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் போட்டு, மரத்துண்டும் இலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, கரி நெருப்பில் துருத்தி ஊதி உருக்குவார்கள். சேலம் பக்கத்து முறையை 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஹீத், ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் குறிப்பிடுகிறார். கொடுமணல் அகழாய்வும், தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் கிடைத்த மூசைத் துண்டுகளும் இந்தத் தொழில் தமிழ் மண்ணில் எவ்வளவு பழையது என்பதைப் பேசுகின்றன. நாம் வாழும் இந்தத் தெலங்கானாவுக்கும் அதில் பங்குண்டு. நிஜாமாபாத் பக்கத்துக் கோனசமுத்திரத்தில் உருக்கிய எஃகை வாங்கப் பாரசீக வியாபாரிகளே வந்து தங்கினார்கள் என்பது 1832இல் அச்சேறிய வாய்சியின் குறிப்பில் இருக்கிறது. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்ததற்குக் கச்சாப்பொருள் தந்த ஊர்களில் அதுவும் ஒன்று. வார விடுமுறையில் பாசர் கோயிலுக்குக் கார் எடுத்துப் போகிறோம், அந்தப் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் இருக்கிறதென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த உருக்கில் அடித்த அலகின்மேல் ஓடும் தண்ணீரின் சிற்றலை போல ஒரு கோலம் தெரியும். கரி சேர்மானம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இருக்கும் எஃகு மெதுவாகக் குளிரும்போதும், கொல்லர் அதிகம் சூடேற்றாமல் பொறுமையாகப் பலமுறை அடிக்கும்போதும் உள்ளேயிருந்து உருவாகும் கோலம் அது. தாதுவில் இருந்த வனேடியம் போன்ற உலோகங்களின் மிகச் சிறிய கலப்பே அதற்குக் காரணம் என்று 1990களில் அமெரிக்காவில் வெர்ஹூவன், பெண்ட்ரே இருவரும் செய்து காட்டினார்கள். தாது மாறினால் கோலம் வராது. சூடு மிஞ்சினால் வந்த கோலமும் அழியும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாம் நினைக்கும் ஒரு கொல்லர், உலையின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இதைக் காத்தார். இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்?

நீங்களே பார்க்கலாம்

பூதக்கண்ணாடி ஒன்றும் சன்னல் வெளிச்சமும் போதும்.

முதலில் கோலம். அமிலத்தால் மேலே வரைந்த போலிக் கோலம் ஒரே அளவாக, ஒரே ஆழமாக இருக்கும். தோலில் குத்திய பச்சை போல மேலோடு நின்றுவிடும். உண்மையான கோலம் அலகின் முதுகிலும் தொடரும். இரண்டு வகை இரும்பைப் பட்டை பட்டையாகச் சேர்த்து அடித்த கோலம் வேறு வகை. அதுவும் ஒரு கலைதான், ஆனால் வூட்ஸ் அல்ல. அப்படிப் புதிதாகச் செய்ததை "பழைய டமாஸ்கஸ்" என்று விற்கிறார்கள். உங்கள் வாளில் கோலமே தெரியவில்லையா? யாரோ தேய்த்து மழித்திருக்கலாம். தெரியவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகாது.

அடுத்து உடம்பு. நல்ல அலகு அடியில் தடித்து நுனிநோக்கிச் சீராக மெலியும். தகட்டை வெட்டிச் செய்தது முழுவதும் ஒரே தடிமனாக இருக்கும். நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை "ரத்தம் வடிவதற்கு" என்பார்கள். அது வெறும் கதை. எடையைக் குறைக்கவும் விறைப்பைக் காக்கவும் செய்த ஏற்பாடு அது. அந்தப் பள்ளத்தின் ஓரம் நேர்க்கோடாக ஓடுகிறதா, தள்ளாடுகிறதா என்று பாருங்கள். கொல்லரின் கைத்திறம் அங்கே தெரியும். போருக்குச் செய்த தல்வார் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். பத்துக் கிலோ வாளைச் சுழற்றினார்கள் என்பது சினிமாவுக்கு நன்றாக இருக்கும்!

பிறகு பொன்வேலை. இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, பொன் கம்பியை அடித்து ஒட்டுவது கோஃப்த்கரி. பொன் உதிர்ந்த இடத்தில் அந்தக் கீறல்கள் தெரிய வேண்டும். கை படும் இடத்தில் தேய்ந்தும் மூலைமுடுக்கில் மிஞ்சியும் இருந்தால் நல்ல அடையாளம். எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானமே செயற்கை. துருவும் அப்படித்தான். நாள்பட்ட துரு கரும்பழுப்பாக இறுகியிருக்கும். செம்மஞ்சளாகக் கையில் ஒட்டும் துரு புதியது. அமிலத்தில் முக்கியதால் வந்த குழிகள் அலகு முழுவதும் ஒரே மாதிரி அம்மைத் தழும்பு போல இருக்கும்.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவரிடம், அவர் வியாபாரியாக இருந்தாலும் சரி, என்னைப்போல ஓய்வுபெற்றவராக இருந்தாலும் சரி, ஏமாந்துவிடாதீர்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பார்க்க மனம் பதைக்கிற ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் வாளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்களே, அதுதான்! குத்துவிளக்குக்குச் செய்வதை வாளுக்குச் செய்யக்கூடாது. 200 ஆண்டு இறுகிய மேல்தோலும், கோலமும், மெல்லிய எழுத்தும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். பூஜை செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது? சந்தனம் குங்குமத்தை உறைமீதோ பக்கத்தில் வைத்த எலுமிச்சைமீதோ இடலாம். ஈரச் சந்தனம் அலகில் பட்டால் அன்றே மெல்லிய துணியால் துடைத்து, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவிவிடுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும்.

"வாள் எங்களுக்குத் தெய்வம், அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது மரியாதையா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கும்பிடுகிற பொருளை அறிந்து கும்பிடுவதில் குறைவொன்றும் இல்லை என்றேன். கோயில் சிலையைக் கும்பிடுகிறோம், அதை வார்த்த ஸ்தபதியின் கலையையும் வியக்கிறோம் அல்லவா?

இன்னும் இரண்டு செய்திகள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆயுதச் சட்டத்தின் பார்வையில் வாள் ஆயுதம் என்பதால், ஊர்விட்டு ஊர் கொண்டுவருமுன் காவல் நிலையத்தில் விதியைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

எழுதி வையுங்கள்

திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த விலையில் இரும்புக்கும் பொன்னுக்கும் எவ்வளவு, காகிதத்துக்கு எவ்வளவு என்று யோசியுங்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அது தளபதி பேர்டின் கைக்கு வந்ததற்குப் பதிவு இருந்தது. யார் கையில் இருந்து யார் கைக்கு என்று எழுதி வைத்தவர்கள் அவர்கள். நாம் எழுதவில்லை.

தஞ்சை மராட்டிய அரசு 1855இல் முடிந்தது. அதன்பின் 1860களில் அந்த அரண்மனை ஆயுதச்சாலையின் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்ததால் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன. மற்றவை யாருடைய சட்டுவமாகவும் ஆணியாகவும் ஆயினவோ! வெள்ளைக்காரன் செய்தான் என்று அதற்காக வருந்துகிறோம். பரணை ஒழிக்கும் அவசரத்தில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும்போது நாமும் அதே காரியத்தைச் செய்கிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டை விற்குமுன், இருக்கிற பெரியவரைக் கேட்டு ஒரு பக்கமாவது எழுதுங்கள். யார் வைத்திருந்தார்கள், எந்த ஊர், எப்போது முதல் வீட்டில் இருக்கிறது, தாத்தா அதைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். "சோழர் காலம் என்று சொன்னார்" என்பதையும் எழுதுங்கள், "சொன்னார்" என்ற சொல்லோடு. நீளம், எடை, நான்கு பக்கப் படங்கள் சேர்த்து வையுங்கள். பிறகு விற்பதானாலும், அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதானாலும், வைத்துக்கொள்வதானாலும் அது உங்கள் விருப்பம்.

சங்கத்துக்கும் ஒன்று சொல்ல ஆசை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாலார்ஜங் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குப் போவோம். எந்த வாள் எந்த நவாபுடையது என்ற அட்டையை அவர்கள் கடைசியில் படிக்கட்டும். முதலில் அலகின் அலையையும், பள்ளத்தின் நேர்க்கோட்டையும், பொன்னுக்கு அடியில் இருக்கும் கீறலையும் பார்க்கக் கற்றுக்கொடுப்போம். பெயரில்லாத ஒரு கொல்லருக்கு அதைவிட நல்ல மரியாதை வேறு எனக்குத் தோன்றவில்லை. செயற்குழு நாள் குறித்தால், பூதக்கண்ணாடியோடு வர நான் தயார்.